சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

வாசலில் தண்ணீர் கேனை இறக்கும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. தொம் என்று ஒரு சத்தம். அதைக் கேட்டால் முன்பெல்லாம் நிம்மதியாக இருக்கும், வீட்டில் தண்ணீர் வந்துவிட்டது என்று. அந்தத் தண்ணீரை நம்பித்தான் ஒரு பச்சைப் பிள்ளையைச் சாகக் கொடுக்கப் பார்த்தோம். நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கிறவள் இல்லை. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட பாத்திரம் தேய்க்கிற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். படிப்பும் அஞ்சாங்கிளாசோடு சரி. ஆனால் இதை யாரிடமாவது சொல்லாமல் எனக்கு ஆறாது. பேச வராததால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி இருக்கிறது. பின்கதவைத் திறந்தால் பாத்திதான். பனி முடிந்து வெயில் ஏறியதும் வேலை தொடங்கும், மழை வரும்வரை உப்பு வாருவோம். எனக்கு வயதாகிவிட்டது, கூடை தூக்க முடிவதில்லை. இருந்தாலும் காலையில் போய் வரப்போரம் கிடக்கிற உப்பைக் கூட்டி அள்ளிக் கொடுத்துவிட்டு வருவேன். சுற்றிலும் தண்ணீர்தான். குடிக்கத்தான் இல்லை. கைப்பம்பை அடித்தால் வருகிற தண்ணீரில் சோப்பு நுரைக்காது. தெருக்குழாயில் வருவது கொஞ்சம் தேவலை, ஆனால் அதில் பருப்பு வேகாது. எத்தனை விறகு எரித்தாலும் பருப்பு பருப்பாகவே உட்கார்ந்திருக்கும். அதனால் குடிப்பதற்கும் பருப்பு வேகவைப்பதற்கும் மட்டும் கேன் தண்ணீர் வாங்குகிறோம். ஈசிஆர் ரோட்டோரம் ஒருவன் கொட்டகை போட்டு மிஷின் வைத்திருக்கிறான். உப்பை எடுத்துவிட்டு, சுத்தம் செய்து, கேனில் அடைத்து, குட்டியானை வண்டியில் தெருத் தெருவாகக் கொண்டுவந்து போடுவான்.

எங்கே புதிதாகத் தண்ணீர் வந்தாலும் எங்கள் பெண்கள் ஒரு வேலை செய்வார்கள். உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்தி நாக்கில் விட்டுப் பார்ப்பார்கள். இது குடிக்கலாம், இது உலைக்கு ஆகும், இது கழுவத்தான் லாயக்கு என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். எங்கள் தெருவில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அந்த நாக்கைத்தான் நாங்கள் நம்பினோம். நாள் முழுக்க உப்புக் காற்றைக் குடித்துக்கொண்டு, உப்புத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு, உதட்டில் வழிகிற வியர்வையும் உப்பாக இருக்கிற ஜனங்களின் நாக்கை.

என் தங்கை செத்துப்போனபோது அவள் மகள் சின்னப் பிள்ளை. எனக்குப் பிள்ளை இல்லை. நான்தான் வளர்த்தேன். என்னைப் பெரிம்மா என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் ஊரில் யாரும் அவளை என் மகள் இல்லை என்று சொல்லமாட்டார்கள். திண்டிவனம் பக்கம் உள்ளே ஒரு கிராமத்தில் பயிர் வைக்கிற குடும்பத்தில் கட்டிக்கொடுத்தேன். முதல் பிரசவம் தாய்வீட்டில்தானே பார்க்கவேண்டும், வளைகாப்பு முடித்து அழைத்துவந்தேன். வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். ஆண் பிள்ளை. கொஞ்ச நாளில் அவளுக்குக் காய்ச்சல் வந்து, மார்பில் கட்டி வந்து, அதை அறுத்துச் சீழ் எடுத்தார்கள். பால் வற்றிப்போய்விட்டது. பிள்ளை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு அழும். அவளும் அழுவாள்.

பவுடர் பால் கொடுக்கச் சொன்னார்கள். சொன்ன நர்சம்மா முகம் எனக்கு மறக்காது. கெட்ட பொம்பளை இல்லை. அவசரக்காரி.

"டப்பாவுலயே போட்ருக்குது பாரும்மா, எவ்ளோ தண்ணிக்கு எத்தன ஸ்பூனுன்னு. தண்ணிய நல்லா காய்ச்சி ஆற வச்சி கலந்து குடு. நல்லா காய்ச்சணும், புரியுதா? காய்ச்சாம குடுத்து பேதி புடிச்சி தூக்கிட்டு ஓடியாராத."

"எந்தத் தண்ணிங்க சிஸ்டர்?" என்று கேட்டாள் என் பெண். கேட்டாள். அதை நான் சத்தியம் செய்வேன்.

"நீங்க குடிக்கிற தண்ணிதான். கேன் தண்ணியா? அப்ப ரொம்ப நல்லது. அடுத்து யாரு, வாங்க."

எந்த ஊர் என்று கேட்கவில்லை. அந்தக் கேன் எங்கிருந்து வருகிறது, யார் அடைக்கிறான் என்று கேட்கவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும், கை காலைப் பார்த்தாலே தெரியும், உப்பளத்து ஜனம் என்று. பார்க்கத்தான் நேரம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தெருவே கூடிவிட்டது. பிள்ளைக்கு எந்தத் தண்ணீர் என்று பெரிய பேச்சு.

"குழாத் தண்ணி வேணாம்டி, டேங்க் உள்ள என்னா செத்துக் கெடக்குதோ" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"பாட்டல் தண்ணி வாங்கலாம், சீல் போட்டது" என்றாள் இன்னொருத்தி.

"அந்த பாட்டலு எத்தினி நாளா கட வாசல்ல வெயில்ல காயிது தெரியுமா? பிளாஸ்டிக் நாத்தம் அடிக்கும். கேனுதான் பெஸ்ட்டு. எங்க, ஒரு வாய் ஊத்து."

கேனைச் சாய்த்துக் கையில் ஊற்றினோம். நாலு பெண்கள் வாயில் விட்டுப் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரி கண்ணை மூடிக்கொண்டு, கோயில் தீர்த்தம் மாதிரி சப்புக்கொட்டினாள்.

"இளநி மாரி இருக்குதுடி. உப்பே இல்ல. நம்ம ராஜாவுக்கு இதான்."

நானும் குடித்துப் பார்த்தேன். எனக்கும் இளநீர் மாதிரிதான் இருந்தது.

என் பெண் மாதிரி கவனமாகப் பிள்ளை வளர்த்தவளை நான் பார்த்ததில்லை. பாட்டிலைக் கொதிக்கவைத்துக் கழுவுவாள். பவுடரை ஸ்பூனில் எடுத்து, கத்தியின் முதுகால் மேலே வழித்து, சமமாக்கித்தான் போடுவாள். ஒரு துளி கூடுதலாக விழுந்தால் கொட்டிவிட்டு மறுபடி கலப்பாள். தண்ணீர் காய்ச்சுவதிலும் அப்படித்தான். எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குச் சுக்குத் தட்டிப் போட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் அரைச் சொம்பாகச் சுண்டும்வரை காய்ச்சித்தான் குடிக்கக் கொடுப்போம். பச்சை உடம்பு, சளி பிடிக்கக் கூடாது, அதனால். தாய்க்கே சுண்டக் காய்ச்சும்போது பிள்ளைக்கு எப்படிக் காய்ச்சவேண்டும்? நர்சம்மாவும் நல்லா காய்ச்சு, நல்லா காய்ச்சு என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவள் அடுப்பைச் சின்னதாக வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, பாதியாகக் குறையும்வரை இறக்கமாட்டாள். கிருமி எல்லாம் செத்துப்போகும் பெரிம்மா என்பாள். அந்தத் தண்ணீரைத் தனியாக ஒரு பாத்திரத்தில் ஊற்றி, துணி கட்டி, யாரும் தொடக் கூடாது என்று பரண்மேல் வைத்துவிடுவாள்.

அந்த நாட்களில் வீட்டில் பருப்பு வேகவில்லை. கேன் தண்ணீரில்தான் போட்டேன். விசில் வந்துகொண்டே இருக்கிறது, திறந்து பார்த்தால் பருப்பு மூக்கும் முழியுமாக இருக்கிறது. எதிர்வீட்டிலும் அப்படித்தான். அவள் விடுவாளா? பருப்பைக் கிண்ணத்தோடு எடுத்துக்கொண்டு மளிகைக்கடைக்குப் போனாள், நானும் பின்னால் போனேன்.

"ஏம்பா, இன்னா பருப்பு இது? கல்லு பொறுக்கி எடுத்துட்டு பருப்ப நீ வச்சிக்கிட்டியா?"

"அக்கா, போன வாட்டி வாங்கின மூட்டதான்க்கா இது. அப்ப மட்டும் வெந்துச்சா?"

"அப்ப வெந்துச்சி, இப்ப வேவல. பருப்புக்கு கோவமா?"

கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கடைக்காரன் வேறு பருப்பு மாற்றிக் கொடுத்தான். அதுவும் வேகவில்லை. சரி, இந்த வருசம் பருப்பே இப்படித்தான் வருகிறது என்று விட்டுவிட்டோம். பருப்பைத் திட்டினோம், கடைக்காரனைத் திட்டினோம், குக்கர் கேஸ்கட்டைத் திட்டினோம். கேனை ஒருத்திகூடத் திட்டவில்லை. காசு கொடுத்து வாங்குகிற பொருள் மேல் அப்படி ஒரு மரியாதை நமக்கு.

பிள்ளை அழ ஆரம்பித்தது. பால் குடித்து முடித்ததும் அழும். உதட்டைச் சப்பிக்கொண்டே அழும். பசி தாங்காத பிள்ளை, சாப்பாட்டு ராமன் என்று சொல்லி இன்னொரு பாட்டில் கலந்து கொடுப்போம். குடிக்கும், மறுபடியும் அழும். தாகத்துக்கு அழுதது அது. அந்தத் தாகமே அந்தப் பாலால் வந்ததுதான். குடிக்கக் குடிக்க நெருப்பில் எண்ணெய் ஊற்றியதுபோல ஆனது. பிறகு அழுகை கீச்சென்று பூனை மாதிரி ஆனது. பிறகு அழுகையே இல்லை. துவண்டுபோய்த் தூங்கிக்கொண்டே இருந்தது. உடம்பு சுட்டது.

நான் அளத்தில் இருந்தேன். எதிர்வீட்டுக்காரி வரப்பில் ஓடிவந்தாள், "புள்ளைக்கு இழுக்குது, வா" என்று. பாதி வழியில் என் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டு ஓடினேன்.

ஆட்டோவில் பாண்டிச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள், ரத்தம் எடுத்தார்கள், இத்தனூண்டு கையில் ஊசி குத்த இடம் தேடினார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு டாக்டரம்மா வந்தாள். சின்ன வயது.

"பாப்பாவுக்கு ரத்தத்துல உப்பு பயங்கரமா ஏறியிருக்குது. பால எப்படிக் கலந்தீங்க?"

"டப்பாவுல போட்ட மாதிரிதாங்க மேடம்" என்றாள் என் பெண்.

"பொய் சொல்லாதம்மா. புள்ள சீக்கிரம் குண்டாவணும்னு ஸ்பூன் கூடப் போட்டிருப்ப. கெட்டியா கலந்தா இப்படித்தான் ஆவும்."

"இல்லைங்க மேடம், வழிச்சி வழிச்சித்தான்..."

"எத்தன பேர பாக்குறேன். எல்லாரும் இதத்தான் சொல்றீங்க. புள்ள உயிரோட விளையாடுறீங்க."

நான் கதவு ஓரமாக நின்றிருந்தேன். கத்தியின் முதுகால் அவள் ஸ்பூனை வழித்ததை என் கண்ணால் பார்த்தவள் நான். வாய் வரவில்லை. என் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அந்தத் தரையில் என்ன இருந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்: ஒரு பஞ்சு, ஒரு மருந்துச் சீட்டின் கிழிசல்.

உப்பை மெதுவாகத்தான் இறக்கவேண்டுமாம். சட்டென்று இறக்கினால் மூளை வீங்கிவிடுமாம். பிழைக்குமா என்று ஊரிலிருந்து ஓடிவந்த மாப்பிள்ளை கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்கள். பிழைத்தால் மூளைக்கு ஒன்றும் ஆகாதே என்றதற்கும் பார்க்கலாம்தான் என்றார்கள்.

மறுநாள் சம்பந்தி வந்தாள். மாப்பிள்ளையைப் பெற்றவள். ஆள் நல்ல உயரம், குரலும் உயரம். நர்சிடம் விசாரித்துவிட்டு நேராக என் பெண்ணிடம் வந்து நின்றாள்.

"பால்தான் குடுக்க வக்கில்ல, கலக்கக் கூடவா தெரியாது? டப்பா காலியாவணும்னு அள்ளி அள்ளிப் போட்டியா? புள்ள பொழைக்கட்டும், நேரா எங்க வூட்டுக்கு தூக்கிட்டுப் போறேன். நான் வளத்துக்குறேன். நீ உங்க பெரிம்மா வூட்லியே கெட."

மாப்பிள்ளை மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். என் பெண் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோடு உட்கார்ந்துவிட்டாள். தாய் இல்லாமல் வளர்ந்தவள். அவள் பிள்ளையையும் தாய் இல்லாமல் வளர்க்கப் பார்க்கிறார்கள். அப்போதும் நான் பேசவில்லை. எனக்கு யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. சம்பந்தி மேலா, டாக்டரம்மா மேலா, என் நாக்கு மேலா?

பிள்ளைக்குத் துணி வேண்டியிருந்தது. எடுத்துவர நான் கிளம்பினேன். சம்பந்தியும் கூட வந்தாள், உன் வூட்டுல எப்படி வச்சிக் கலந்தாங்கன்னு நானே பாக்குறேன் என்று. பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள், ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உச்சி வெயில். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வீட்டுக்குள் நுழைந்ததும், என்னைக் கேட்காமலே அவளாகவே போய் கேனிலிருந்து ஒரு டம்ளர் பிடித்து அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள்.

அப்படியே வாசலுக்கு ஓடித் துப்பினாள்.

"த்தூ! என்னா சம்பந்தி, கடல்ல மொண்டு வச்சிருக்கீங்களா?"

"கேன் தண்ணிதாங்க சம்பந்தி."

"கேனா? வாயில வைக்க முடியல. இத்த எங்க மாடு கூட மோந்து பாத்துட்டுப் போயிடும். இதையா குடிக்கிறீங்க எல்லாரும்?"

நான் அதே டம்ளரில் பிடித்துக் குடித்தேன். ஒன்றும் தெரியவில்லை. இளநீர் மாதிரிதான் இருந்தது. இன்னொரு வாய் குடித்தேன். ஒன்றும் இல்லை. பரண்மேல் இருந்த பாத்திரத்தை எடுத்தேன். துணியை அவிழ்த்தேன். பிள்ளைக்கு என்று அவள் சுண்டக் காய்ச்சி வைத்த தண்ணீர் மிச்சம் இருந்தது. தண்ணீர் மட்டத்துக்கு மேல் பாத்திரத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம். விரலை விட்டு நாக்கில் வைத்தேன்.

எனக்கே கரித்தது. வாழ்நாள் முழுக்க உப்பில் கிடந்த இந்த நாக்குக்கே கரித்தது.

எங்கள் பாத்தியில் வெயில் என்ன செய்யும்? தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை வைத்துவிட்டுப் போகும். அதைப் பார்த்துத்தான் நான் பிறந்தேன், அதில்தான் சோறு தின்கிறேன். வெயில் பாத்தியில் செய்கிற வேலையை என் வீட்டு அடுப்பு செய்திருக்கிறது. ஏற்கெனவே உப்பாக இருந்த தண்ணீரைப் பாதியாகச் சுண்டவைத்து, இரண்டு மடங்கு உப்பாக்கி, அதில் பால் கலந்து, பிள்ளை அழ அழக் கொடுத்திருக்கிறோம். பாசம் கூடக் கூட உப்பும் கூடியிருக்கிறது. காய்ச்சுகிற ஒவ்வொரு நாளும் அவள் அடுப்புப் பக்கத்திலிருந்து நகரவே இல்லையே.

சம்பந்தி பாத்திரத்தை வாங்கித் தானும் தொட்டுப் பார்த்தாள். பவுடர் டப்பா பக்கத்தில் ஸ்பூனும் கத்தியும் கழுவித் துடைத்து வைத்திருந்தது. கத்தி எதுக்கு என்று கேட்டாள். சொன்னேன். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் பொண்ண நான் என்னென்ன பேசிட்டேன்" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்த கையோடு எழுந்தாள். "துணி கெடக்கட்டும். அந்தத் தண்ணிய பாட்டல்ல ஊத்துங்க. கேன் தண்ணியும் ஒரு பாட்டல் புடிங்க. டாக்டரம்மாவ இன்னிக்கு நான் கேக்குறேன்."

கேட்டாள். ஆஸ்பத்திரி வராண்டாவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டாள். டாக்டரம்மா இரண்டு பாட்டிலையும் சோதனைக்கு அனுப்பினாள். பதில் வந்தபோது முகம் கொஞ்சம் மாறியது. என் பெண்ணிடம் வந்து, "தண்ணியிலதாம்மா உப்பு. நீ கலந்ததுல தப்பு இல்ல" என்றாள். அவ்வளவுதான். பொய் சொல்லாத என்று சொன்னவள் அந்தச் சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பதில் பாடம் நடத்தினாள்.

"உப்பு கம்மியா இருக்குற தண்ணியாப் பாத்து எடுக்கணும். நல்லா கொதி வந்த ஒடனே இறக்கிடணும். சுண்ட விடக்கூடாது. மூடி வைக்கணும், அப்பப்ப புதுசா கலக்கணும். கொதிச்சா கிருமிதான் சாவும், உப்பு எங்கயும் போவாது. இது கூடவா தெரியாது உங்களுக்கு? உப்பளத்து ஊருதானே?"

அப்போதுதான் கேட்கிறாள், எந்த ஊர் என்று. உப்பு எங்கேயும் போகாது என்று எனக்குச் சொல்கிறாள். எனக்கு! பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கோபத்தில் பாதி அவள் சொன்னது நிஜம் என்பதால்.

பிள்ளை மெல்லக் கண் திறந்தான். ஒரு நாள் காலை நல்ல கனமான குரலில் அழுதான். பூனைக் குரல் இல்லை. சம்பந்தி பிள்ளையை எடுத்து என் பெண்ணின் மடியில் வைத்துவிட்டு, "நீயே வச்சிக்க. ரெண்டு பேரும் வாங்க நம்ம வூட்டுக்கு" என்றாள். அதற்கு மேல் அவளுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. போதும்.

அன்றைக்கு மதியமே நானும் சம்பந்தியும் வீட்டிலிருந்த கேனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அந்தக் கொட்டகைக்குப் போனோம். போகும்போது பேசப்போகிறவள் அவள்தான் என்று நினைத்திருந்தேன்.

அவன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளை கதையைச் சம்பந்தி சொல்லச் சொல்ல, ஐயோ பாவம் ஐயோ பாவம் என்றான்.

"ஆனா நம்ம தண்ணி இல்ல ஆயா அது. எல்லாம் மிஷின்ல சுத்தம் பண்ணதுதான். ஊரே குடிக்குது. ஒருத்தராச்சும் கம்ப்ளைண்ட் பண்ணாங்களா?"

"மிஷின் சரியா ஓடுதா?" என்றாள் சம்பந்தி.

"பில்டர் கொஞ்சம் பழசாயிடுச்சி. சீசன் முடிஞ்சதும் மாத்தலாம்னு இருந்தேன். அதனால ஒண்ணும் இல்லம்மா. ரிசார்ட்டுக்குப் போற கேனுங்களுக்கு வேற டேங்க்கு, அதுல புது பில்டரு. அவங்க ஒரு வாய் குடிச்சாலே சண்டைக்கு வந்துடுவாங்க. நம்ம ஜனத்துக்கு இதெல்லாம் பழக்கம்தானே?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் நாக்குக்குத் தெரியாது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கடலுக்குக் குளிக்க வருகிறவன் வாய்க்கு ஒரு தண்ணீர், உப்பு வாருகிறவள் வாய்க்கு ஒரு தண்ணீர். நாங்கள் உழைத்து உழைத்து மரத்துப்போன நாக்கு அவனுக்கு லாபம்.

எனக்குள் என்ன நடந்தது என்று தெரியவில்லை. கேனைத் தூக்கினேன். தூக்க முடியாது என்று நினைத்த கை தூக்கியது. பக்கத்தில் டீக்கடை. போய் இறக்கினேன்.

"ஏம்பா, ஒரு அடுப்பு குடு" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது.

"எதுக்கு ஆயா?"

"குடுன்னா குடு."

டீக்கடைக்காரன் பயந்துபோய் ஒரு வாணலியையும் கொடுத்தான். கேனிலிருந்து ஊற்றி, கேஸைப் பெரிதாக வைத்து, கொதிக்க விட்டேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வந்து பார்த்தார்கள். குறையக் குறைய மறுபடி ஊற்றினேன். கடைசியாக ஊற்றிய தண்ணீரும் வற்றியபோது வாணலி அடியில் வெள்ளையாகப் படிந்து சடசடவென்று பொரிந்தது. டீக்கடைக்காரன் எட்டிப் பார்த்தான்.

"அதான பாத்தேன்! நானும் இவன் கேனுதான் வாங்குறேன், பத்து நாளா டீ திரிஞ்சி திரிஞ்சி போவுது. பால்காரன் கிட்ட போயி சண்ட போட்டேன், பாவம் அந்தாளு" என்றான்.

கரண்டியால் சுரண்டி ஒரு காகிதத்தில் எடுத்தேன். கொண்டுபோய் அந்தத் தண்ணீர்க்காரனின் கையைப் பிடித்து அதில் வைத்தேன்.

"இந்தா. உன் அளத்து உப்பு. வாரிக்க. இன்னிக்கு உன் வூட்டுக் கொழம்புக்குப் போடு. உன் பேரப்புள்ள பால்ல போடு. நாங்க வெயில்ல நின்னு கால் வெடிச்சி வாருறோம்டா, நீ நெழல்ல குந்திக்கினு எங்க புள்ள ரத்தத்துல விளைய வச்சிட்ட."

டா போட்டுப் பேசினேன். என் வாழ்க்கையில் அன்னிய ஆம்பிளையை அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. கூட்டத்தில் ஒருவன் போனில் படம் எடுத்தான். வெட்கத்தில் உடனே முக்காடு போட்டுக்கொண்டேன். ஆனால் சொன்னதில் எனக்கு வெட்கம் இல்லை.

அப்புறம் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். கொட்டகை கொஞ்ச நாள் மூடிக்கிடந்தது. பிறகு புது பேனர் கட்டி, சீரியல் லைட் போட்டுத் திறந்தான். புது பில்டராம். பஞ்சாயத்தில் சொன்னோம், பார்க்கிறோம் என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு வேறு கேன்காரன் வருவதில்லை. அதனால், கேட்டால் காறித் துப்புவீர்கள், இன்றைக்கும் அவனிடம்தான் வாங்குகிறோம். வாங்கித்தானே ஆகவேண்டும். இதைவிட என்னை எரிக்கிறது வேறு இல்லை.

ஆனால் முன்போல வாங்குவதில்லை. கேன் வந்ததும் வண்டியைப் போகவிடமாட்டோம். அந்தத் தண்ணீரில் ஒரு பிடி பருப்பைப் போட்டு அடுப்பில் வைப்பேன். எதிர்வீட்டுக்காரியும் வைப்பாள். நாக்குக்குத் தெரியாதது பருப்புக்குத் தெரியும். வெந்தால் கேன் உள்ளே வரும். வேகாவிட்டால் வண்டியிலேயே ஏறும். அவன் வாசலில் நின்று கத்துவான்.

"ஆயா, இன்னும் பத்து தெரு போவணும் ஆயா. வண்டி நிக்குது பாரு."

"நிக்கட்டும். பருப்பு வேவுது. குந்து" என்பேன்.

பெண்ணும் பிள்ளையும் சம்பந்தி வீட்டில் இருக்கிறார்கள். முதல் பிரசவத்துக்கு வந்தவளை முறையாக மாசக் கணக்கு முடித்து, சீர் வைத்து அனுப்ப எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்தே அனுப்பிவைத்தேன். அவர்கள் ஊர்த் தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, பிள்ளைக்கு ஆகும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள். போன மாசம் பிள்ளையை எனக்குக் காட்டக் கூட்டிவந்தார்கள். பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கியது சம்பந்தி, இடுப்பில் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கோடு. மூடிக்கு மேல் துணி கட்டியிருந்தது.

"என்னா சம்பந்தி, பலகாரமா?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள்.

"தண்ணி" என்றாள் சம்பந்தி. "கண்டக்டரு லக்கேஜ் போடணும்றான். புள்ள பாலுக்கு தண்ணிடா, நீயா குடிக்கப்போறேன்னு கேட்டேன், வாய மூடிக்கினான்."

அந்தத் தூக்கை என் கையில் கொடுத்தாள். வாங்கும்போது எனக்கு உடம்பு கூசியது. என் வீட்டுக்கு வருகிற என் பிள்ளை, குடிக்கத் தண்ணீரைத் தானே எடுத்துக்கொண்டு வருகிறான். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? கழுவிக் காயவைத்த பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தேன். என் பெண் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். கொதி வந்தது.

"போதும் பெரிம்மா, இறக்கு" என்றாள்.

இறக்கி மூடினேன். வாசலில் தொம் என்று கேன் இறங்கியது. நான் பருப்பு டப்பாவை எடுத்தேன்.